இந்தக் காம்பவுண்டுக்குள்ள கோழி வராது

வாங்க, வாங்க. செருப்ப அங்கிட்டே விட்ருங்க. அப்படியில்ல, இன்னுங் கொஞ்சம் ஓரமா. வர்ற வழியில என்னத்த மிதிச்சீங்களோ. கோவிச்சுக்காதீங்க, யாரு வந்தாலும் சொல்றதுதான். சுகாதாரத் துறையில இருந்து ரிட்டயர் ஆனவன் நான். டாக்டரான்னு கேக்காதீங்க. ஆபீஸ்ல, எஸ்டாபிளிஷ்மெண்ட் செக்சன். ஆனாலும் எல்லாப் பேப்பரும் என் கை வழியாத்தான போகும். சுத்தம்னா என்னன்னு எனக்குத் தெரியும்.

உக்காருங்க. மாடியக் காட்டுறேன், அவசரமில்ல. தண்ணி வரும், காத்து வரும், பஸ் ஸ்டாப் பக்கம். மதுரைக்குள்ள இந்த மாதிரி அமைதியா ஒரு நகர் கிடைக்காது. என் மக பெங்களூர்ல இருக்கா. "நெஞ்சு ஆபரேஷன் பண்ணின ஆளு தனியா இருக்காதீங்கப்பா, மாடிக்கு ஒரு குடும்பத்த வையுங்க"ன்னு போன் போட்டு உசுர எடுக்குறா. அதான் போர்டு மாட்டுனேன்.

வீட்லயா? வீட்ல ஊருக்குப் போயிருக்கா. மேலூர் பக்கம், அவ அண்ணன் வீடு. ஆடியில போனவ. மாசியில வந்துருவா. இது கார்த்திகைதான, இன்னும் கொஞ்ச நாள்தான். காபி குடுக்க முடியல, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குப் போடத் தெரியாது. அவ இருந்தா நீங்க உக்காரும்போதே டம்ளர் வந்துருக்கும்.

கண்டிஷன் ஒண்ணே ஒண்ணு. நாய், பூனை, கிளி, எதுவும் வளக்கக் கூடாது. நான்வெஜ் தாராளமா சமைச்சுக்கங்க. நாங்களும் திங்கிறவங்கதான். ஞாயித்துக்கெழமையானா இந்த வீட்ல கோழிக்கொழம்புதான், வருசக்கணக்கா.

என்னது, சத்தமா? அது ஒண்ணுமில்ல, பின்கட்டுல. சொல்றேன். அதச் சொன்னாத்தான் இந்த ஏரியாவப் பத்தி ஒங்களுக்குப் புரியும்.

வர்றப்ப பாத்துருப்பீங்க, பக்கத்துல பச்சைக் கேட்டு, தகரம் போட்ட வீடு. ராக்கம்மான்னு ஒரு அம்மா. புருசன் லோடு ஆட்டோ ஓட்டுறாரு. இந்த நகர் பிளாட் போடுறதுக்கு முன்னாடியே அவங்க அங்க இருந்தாங்களாம். அதச் சொல்லிச் சொல்லியே அந்தம்மா கோழி வளத்துச்சு. பத்துப் பன்னெண்டு கோழி. முன்னாடி இருந்தா? டைனோசர் கூடத்தான் முன்னாடி இருந்துச்சு.

நீங்க கோழிய கிட்டத்துல பாத்துருக்கீங்களா? பாத்துருக்க மாட்டீங்க, பிளேட்லதான் பாத்துருப்பீங்க. அத மாதிரி ஒரு அசிங்கம் பிடிச்ச பிறவி கெடையாது. சாக்கடையக் கிளறி புழுவத் திங்கும். எவனாவது காறித் துப்பினா ஓடி வந்து அதத் திங்கும். தின்ன வாயத் தரையில ரெண்டு தேய்ப்பு, அம்புட்டுதான் அதுக்குச் சுத்தம். அப்புறம் கோழிப்பீ. வேற நல்ல வார்த்தை இல்ல அதுக்கு. மேல வெள்ளையா, அடியில கருப்பா, வாசப்படியில, துணி காயப்போடுற கல்லுல, ஸ்கூட்டர் சீட்டுல. ஒரு நாள் என் செருப்புக்குள்ள. காலை உள்ள விட்டப்புறந்தான் தெரிஞ்சது. இப்ப நெனைச்சாலும் கால் கூசுது.

நீயே கோழி திங்கிறவன்தானேன்னு கேப்பீங்க. மைக்கேல் சாரும் அதத்தான் கேட்டாரு, நம்ம நலச்சங்கத் தலைவரு. திங்கிறது வேற, வளக்கிறது வேற. மீன் திங்கிறவன் கம்மாய்க்குள்ளயா குடியிருக்கான்? நான் ஜாதி பேசுறவன் இல்ல சார், சுத்தம் பேசுறவன். அவங்க பழக்கம் அப்படி, அம்புட்டுதான். அந்தம்மா தீபாவளிக்கு அதிரசம் குடுத்து விடும், நான் தொட்டதில்ல. கோழியத் தொட்ட கை.

முட்டைய எடுத்துக்கங்க. சாக்கடைப் புழுவத் தின்னுட்டுப் போடுற முட்டைய, நாட்டு முட்டைன்னு சொல்லி இந்தத் தெருவுல போட்டி போட்டு வாங்குறாங்க. நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுலேர்ந்து தினம் ஒரு முட்டை அவிச்சுக் குடுப்பா எங்க வீட்ல. கடை முட்டை. கொஞ்சம் சிறுசா இருக்கும், ஓடு பழுப்பா இருக்கும், ஆனா ருசின்னா ருசி. கடை முட்டையிலயே பாத்து வாங்கத் தெரியணும், அவளுக்குத் தெரியும்.

அந்த ஆபரேஷன் முடிஞ்சு வந்த புதுசுல ஒரு நாள், கட்டிலுக்குப் பக்கத்துல வந்து நின்னா. சௌந்தரம்னு பேரு. நின்னுக்கிட்டே இருந்தா. என்னன்னேன். "பின்னாடி ஒரே ஒரு கோழிக்குஞ்சு விட்டுக்கட்டுமாங்க?"ன்னா. எனக்கு நெஞ்சுல தையல் கூடப் பிரிக்கல. "நான் உசுரோட இருக்கிற வரைக்கும் இந்தக் காம்பவுண்டுக்குள்ள கோழி வராது"ன்னேன். அவ அடுப்படிக்குப் போயிட்டா. எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டா. அதுதான் அவகிட்ட நல்ல கொணம்.

அதுக்கப்புறம் வந்துச்சு பாருங்க வினை. அந்த ராக்கம்மா கோழிக் கூட்டத்துல ஒரு செவலைச் சேவல். குஞ்சா இருக்கிறப்பவே சுவத்து ஓட்டை வழியா நம்ம வீட்டுக்குத்தான் வரும். வளர்ந்து பெருசானப்புறம் சுவரேறிக் குதிக்கும். மத்ததெல்லாம் தெருவுல மேயும், இது மட்டும் நேரா நம்ம அடுப்படி வாசலுக்கு. கால்ல ஒரு மஞ்சக்கயிறு கட்டியிருந்துச்சு. களவு போகாம இருக்க அடையாளம் கட்டியிருக்காங்கன்னு நெனைச்சேன். எவன் இதக் களவாங்கப் போறான்னும் நெனைச்சேன்.

சௌந்தரம் வெரட்டுவா. அவ வெரட்டுற வெரட்டுல ஒரு ஈ கூடப் போகாது. "ச்சூ... போடா... ச்சூ"ன்னு, பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. மளிகைக்கடையில குருணை வாங்கியாரச் சொல்லுவா. எதுக்குன்னா கஞ்சிக்குங்கிறா. ஒரு நாளும் கஞ்சி வந்ததில்ல. அப்பவே கறி திங்கிறதையும் விட்டுட்டா. எனக்கு மட்டும் கொழம்பு வச்சுட்டு அவ ரசம் ஊத்திக்குவா. செரிக்கலங்கன்னா. வயசாகுதுல்ல, சரின்னு விட்டுட்டேன்.

நான் சங்கத்துல மனு குடுத்தேன். மொட்டை மாடியில மீட்டிங். சார், அன்னைக்குத்தான் இந்தத் தெரு ஜனங்க லட்சணம் தெரிஞ்சது. ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர் வேலை பாக்குது, பிள்ளைக்கு முட்டை வேணுங்குது. கடைசி வீட்டுக்காரரு, கோழி வந்தப்புறம் பூரான் தேள் இல்லங்கிறாரு. இன்னொருத்தரு சேவல் கூவுறதுனாலதான் வாக்கிங்குக்கு எந்திரிக்கிறாராம், டாக்டர் கூடப் பாராட்டுனாராம். ரோஜாச்செடியக் கிளறுதுன்னு சொல்ல வந்த அம்மா கூட, ராக்கம்மா மொகத்தப் பாத்துட்டு, "எப்பவாச்சும்தான்"ன்னு இழுத்துருச்சு. படிச்ச ஜனங்க. எல்லாம் அந்த முட்டையத் தின்னு புத்தி மழுங்கிப் போச்சு.

மைக்கேல் சார் எங்கிட்ட வந்து மெதுவா, "மத்ததெல்லாம் காலையில எட்டு மணி வரைக்கும் அடைச்சு வைக்கச் சொல்றேன் சார், அந்தச் செவலை மட்டும் விட்ருங்க. சாமிக்கு நேந்ததாம்"னாரு. எந்தச் சாமி, யாருக்காக நேந்ததுன்னு கேட்டா, ராக்கம்மா தலையக் குனிஞ்சுக்குது. "அத நான் சொல்லக் கூடாது சார்"ங்குது. பாத்தீங்களா? பதில் இல்லன்னா சாமி. நான் எந்திரிச்சு வந்துட்டேன். கூட வந்த சௌந்தரம் அங்கயே உக்காந்துருந்தா. முட்டி வலிக்குதாம், மெதுவா வர்றாளாம்.

அப்புறம் அந்த ஆடி மாச ஞாயித்துக்கெழமை. குளிச்சுட்டு, சலவை வேட்டி கட்டி, திருநீறு எடுக்கப் போறேன். சாமி அலமாரிக்கு முன்னாடி நிக்கிது அந்தச் சேவல். வீட்டுக்குள்ள. என்னப் பாத்துக்கிட்டே, நான் நிக்கிற பலகையில, சொத்துன்னு. சூடா ஆவி பறக்குது சார். அந்த நாத்தம் மூக்குல ஏறிருச்சு. சௌந்தரம் பூ வாங்கக் கடைக்குப் போயிருந்தா. சாக்க எடுத்தேன், போட்டு அமுக்குனேன். ஓடக்கூட இல்ல, அது பாட்டுக்கு நின்னுச்சு, கிறுக்குப் பய சேவல். ஸ்கூட்டர்ல முன்னாடி வச்சு நேரா கறிக்கடை. "அறுப்பா"ன்னேன்.

களவாண்டேன்னு நெனைக்காதீங்க. என் காம்பவுண்டுக்குள்ள வந்தது. சொல்லப்போனா சாமி ரூமுக்குள்ளயே வந்தது. கடைக்காரன் சுத்தம் பண்ணிட்டு, "கறிய என்ன சார் பண்ண?"ன்னான். அத அங்க விட்டுட்டு வர மனசு வரல. நாட்டுச் சேவல் சார், என்னதான் இருந்தாலும். கட்டச் சொன்னேன். காலையும் போட்டுக் குடுத்துருக்கான் பாவி, சூப்புக்கு ஆகும்னு.

சௌந்தரம்கிட்ட பையக் குடுத்துட்டு பேப்பர் படிக்க உக்காந்துட்டேன். பின்னாடி கழுவுற சத்தம் கேட்டுச்சு. அப்புறம் கேக்கல. குழாய் மட்டும் ஓடிக்கிட்டே இருக்கு. தண்ணி வீணாகுதேன்னு எந்திரிச்சுப் போனேன். குத்துக்கால் வச்சு உக்காந்துருக்கா. கையில அந்தக் கால். அதுல மஞ்சக்கயிறு.

"இது யாரு கோழி தெரியுமா?"ன்னா.

"ராக்கம்மா கோழி."

"ஒங்க கோழி"ன்னா.

நீங்களே சொல்லுங்க, அது எப்படி என் கோழியாகும்? அவதான் சொன்னா. நான் ஆஸ்பத்திரியில உள்ள கெடந்தப்ப, வெளிய நின்னு அவ பொறந்த ஊரு கருப்பசாமிகிட்ட கேட்டுருக்கா. "ஆள உசுரோட வெளிய அனுப்பு, என் கையால வளத்த சேவல் ஒண்ணு ஒனக்குத் தர்றேன்"னு. வெலைக்கு வாங்கிக் குடுக்கக் கூடாதாம், குஞ்சிலேர்ந்து நேந்தவங்க கையால தீனி போட்டு வளக்கணுமாம். நேத்திக்கடன் முடியிற வரைக்கும் கறி தொடக் கூடாதாம். இந்த வீட்ல கோழி ஏத்த மாட்டேன்னு நான் சொன்னதுனால ராத்திரிக்கு மட்டும் அது ராக்கம்மா வீட்ல அடையும், தீனிக்கு இங்க வரும். "ஒங்க உசுருக்கு நேந்ததுங்க. அத அறுத்துக் கொண்டாந்து என்னக் கழுவச் சொல்லிட்டீங்களே"ன்னா.

எனக்குக் கோவம் வந்துருச்சு. ஆபரேஷன் பண்ணினது டாக்டர். மாத்திரை திங்கிறது நான். கருப்பு எங்க வந்தாரு நடுவுல? இருந்தாலும் அவ மொகத்தப் பாத்துக் கோவத்த அடக்கிக்கிட்டேன். தன்மையாத்தான் சொன்னேன், "சரி விடு, அறுத்தது அறுத்தாச்சு. இனி கொழம்பாச்சும் வையி, கறி வீணாகப் போகுது"ன்னு.

தப்பா சார் அது? கறி வீணாகத்தான போச்சு? முருங்கை மரத்துக்கு அடியில குழி தோண்டி, தலையில்லாத அந்தச் சேவல, காலோட, கயிறோட பொதைச்சா. ராக்கம்மா வந்து மண்ணத் தள்ளி விட்டுச்சு. ரெண்டு பேரும் என்னத் திரும்பிக்கூடப் பாக்கல. சாயந்தரம் ஒயர் கூடையில ரெண்டு சேலைய வச்சுக்கிட்டு பஸ் ஏறிட்டா. அம்புட்டு வருசம் குடும்பம் நடத்தினவ, போறப்ப சொன்னது மாத்திரை எந்த டப்பாவுல இருக்குங்கிறது மட்டுந்தான். அன்னைக்கு ராத்திரி பழைய சோறுதான் எனக்கு.

அப்புறம் மச்சான் போன் பண்ணினாரு. கோயில் பூசாரிகிட்ட கேட்டாங்களாம். கெடுத்தவன் எவனோ அவன் கையாலதான் இன்னொரு சேவல் வளத்துக் குடுக்கணும், அவன் வீட்லயேதான் வளரணும், மாசிக் களரிக்குக் கொண்டாந்து கருப்பு முன்னாடி வெட்டணும்னு சொல்லிட்டாராம். குலசாமி கும்புடுற திருவிழா சார் அது, மாசிக் களரி. "அது முடிஞ்சாத்தான் தங்கச்சி வருமாம் மாப்ள"ங்கிறாரு. நான் சுகாதாரத் துறையில இருந்தவன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சே சொல்றாரு.

மறுநாள் காலையில ராக்கம்மா வந்து நிக்குது. மனு குடுத்தவன் நான், அந்தம்மா அதப் பத்திப் பேசவே இல்ல. "சார், கையக் குடுங்க"ன்னுச்சு. குடுத்தேன். முந்தானையில இருந்து ஒரு குஞ்ச எடுத்து உள்ளங்கையில வச்சுட்டுப் போயிருச்சு. வச்ச ஒடனே பேண்டுருச்சு சார், கையில. எப்படி இருந்துருக்கும் எனக்கு? ஒதறவும் முடியல. சூடா, வெடவெடன்னு ஆடுது. உள்ள உசுரு அடிக்கிறது வெரலுக்குத் தெரியுது.

ஆமா, அந்தச் சத்தம் அதுதான். பின்கட்டுல. இன்னும் வெளிய விடல, நீங்க வந்துட்டீங்கன்னு.

என் நெலைமையப் பாருங்க. டிவி வந்த அட்டைப் பெட்டிக்குள்ள பல்பு போட்டு வச்சேன். ஆடி மாசக் காத்து வேற. குருணை போட்டா அது சிந்துறதுதான் அதிகம். காலையில எந்திரிச்ச ஒடனே பீ அள்ளுறேன் சார், இந்தக் கையால. அள்ளி முடிச்சாத்தான் எனக்குத் தண்ணி எறங்குது. அந்த மைக்கேல் சார் வீட்ல ஒரு பூனை இருக்கு. மூஞ்சியும் மீசையும், எப்பப் பாத்தாலும் நக்கிக்கிட்டு, அருவருப்பு பிடிச்ச ஜந்து. சுவத்து மேல வந்து உக்காந்துக்கிட்டு இதையே பாக்குது. நாற்காலி போட்டு நாள் பூரா காவல் இருந்தேன். சங்கத்துல மனுவும் குடுத்துருக்கேன், குடியிருக்கிற எடத்துல பூனை வளக்கக் கூடாதுன்னு. ஒருத்தனும் கண்டுக்கல. எனக்கு ஆதரவா பேசினது யாரு தெரியுமா? ராக்கம்மா.

இன்னொரு பயம் வேற இருந்துச்சு. குஞ்சுல சேவலா பெட்டையான்னு தெரியாதாம். பெட்டையாப் போச்சுன்னா மறுபடி முதல்லேர்ந்து, இன்னொரு மாசி. அவ வர்றது அங்கிட்டுத் தள்ளிப் போயிரும். தெனம் காலையில கண்ணாடியப் போட்டுக்கிட்டு அது தலையத்தான் பாப்பேன். ஒரு நாள் கொண்டை செவந்து தெரிஞ்சது. ஒடனே ஊருக்குப் போன் போட்டேன். "சேவல்தான்"னேன். அவ "ம்"னா. ஆனா போன வைக்கல. நானும் வைக்கல. அந்தப் பக்கம் பஸ் போற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்துச்சு.

நேத்து விடியக்காலம் கூவப் பாத்துச்சு. தொண்டை கரகரன்னு, சளி பிடிச்ச ஆளு மாதிரி. கேக்கவே சகிக்கல. ரெண்டாந்தடவை கூவுதான்னு எந்திரிச்சுப் போய்ப் பாத்தேன். கூவல. நான் நிக்கிறதப் பாத்துட்டு வந்து கால்ல ஒரசுது. அழுக்குப் பிடிச்ச றெக்கை. லுங்கிய மாத்த வேண்டியதாப் போச்சு.

ஆனா ஒண்ணு சார், இந்த ஜனங்களப் பத்தி எனக்கு வெளங்கவே இல்ல. கையில வச்சுத் தீனி போட்டு, காய்ச்சல் வந்தா மஞ்சத்தண்ணி குடுத்து, பூனை கிட்டருந்து காப்பாத்தி வளக்கிறது. வளத்துட்டு, கொண்டு போயி கழுத்த வெட்டுறது. ரத்தத்தத் தரையில ஊத்துறது. என்ன பழக்கம் இது? அது பாட்டுக்கு நிக்கும் சார், ஓடாது. கூப்புட்டா வர்ற சேவல், ஆளு கையப் பாத்துக்கிட்டு நிக்கும்.

மச்சான்கிட்ட கேட்டேன், வெட்டாம உசுரோட விட்டா ஒத்துக்க மாட்டாரா ஒங்க கருப்புன்னு. விடலாம், கோயில்லயே விட்டுட்டு வந்துறணும்னாரு. அங்க விட்டா? அடுத்தவன் கோழியக் கூச்சமில்லாமப் புடிச்சு சாக்குல போட்டுக் கொண்டு போயி அறுக்கிற ஜனங்க இருக்கத்தான செய்யிறாங்க. எப்படி விட்டுட்டு வர்றது? அவகிட்டயும் போன்ல கேட்டுட்டேன். "நேந்தது நேந்ததுதாங்க. முடிச்சாத்தான் நான் வர முடியும்"னுட்டா. அவ வரணும் சார். அவ இல்லாம இந்த வீடு வீடாவே இல்ல. மாசிக்கு எத்தனை நாள் இருக்குன்னு காலண்டரப் பாக்குறதையே விட்டுட்டேன். வரணும்னும் இருக்கு, வரக் கூடாதுன்னும் இருக்கு.

சரி, என் கதை எதுக்கு ஒங்களுக்கு. எந்திரிங்க, மாடியப் பாத்துருவோம். படியில பாத்து வாங்க, அங்கங்க அசிங்கம் பண்ணி வச்சுருக்கும். இன்னைக்கு இன்னும் கழுவல.

ஞாயித்துக்கெழமை கோழி எடுப்பீங்கள்ல? எடுங்க, நான் வேணாங்கல. எனக்குத்தான் கொஞ்ச நாளா ஒத்துக்க மாட்டேங்குது, வயித்துக்கு. நீங்க மாடியிலயே கழுவி, மாடியிலயே சமைச்சுச் சாப்பிட்டுக்கங்க. வாங்கிட்டு வர்றப்ப மட்டும் கறுப்புப் பையா கேட்டு வாங்கிக்கங்க. இந்த வழியாத்தான் மேல போகணும். அது பாக்கும்.